ஒட்டாத தாள் எது? – வாழை இலையிலிருந்து பட்டர் பேப்பர் வரை

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் எல்லோருக்கும் ஒரே அவசரம்தான். மாலை 6 மணிக்கு 2668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் ஏற்றிவிடுவார்கள். அதற்குள் அகல் விளக்குகளைத் துடைத்து, கோலம் போட்டு, பொரி உருண்டையும் பிடித்து முடிக்க வேண்டும். வெல்லப்பாகு சூடாக இருக்கும்போதே உருட்டினால்தான் உருண்டை நிற்கும். ஆனால் சூடான பாகு கையில் ஒட்டிக்கொள்ளும்! அதற்காக உள்ளங்கையில் கொஞ்சம் அரிசி மாவைத் தொட்டுக்கொள்வது வழக்கம். இந்தச் சின்ன சூட்சுமம் தெரியாதவர் பிடிக்கும் உருண்டை பாதி பாத்திரத்தில், பாதி கையில்.

அதே ஊரில் ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலைப் பக்கம் போனால் வேறொரு காட்சி. வெளிநாட்டு யாத்ரீகர்கள் பல வருடங்களாக வந்து தங்கும் பகுதி என்பதால் ரொட்டியும் கேக்கும் அங்கே புதிதல்ல. இப்போது எல்லாச் சிற்றூர்களையும் போல இங்கும் பிறந்தநாள் என்றால் கேக் வெட்டுகிறார்கள். வீட்டிலேயே ஆர்டர் எடுத்துக் கேக் செய்யும் பெண்கள் பல ஊர்களில் பெருகிவிட்டார்கள். அவர்கள் கேக்கின் மேல் வைக்கும் பூ, பட்டாம்பூச்சி, குழந்தையின் பெயர் இதெல்லாம் பல நேரங்களில் முதல் நாள் இரவே ஒரு தாளின் மேல் ஐசிங்கால் வரைந்து காயவைக்கப்பட்டவை. காலையில் தாளிலிருந்து உரித்து எடுத்துக் கேக்கில் பொருத்துவார்கள். தாள் தவறானால் பூ உரியாது. உரிக்க முயன்றால் உடையும். ஒரு இரவின் உழைப்பும் ஒரு ஆர்டரின் கூலியும் போச்சு.

பொரி உருண்டைக்கும் ஐசிங் பூவுக்கும் எதிரி ஒன்றுதான். ஒட்டுதல்! இந்த எதிரியை மனிதர்கள் எப்படியெல்லாம் சமாளித்தார்கள் என்று பார்த்தால், அதற்குள் ஒரு சுவாரஸ்யமான வரலாறே இருக்கிறது.

சர்க்கரை ஏன் தாளோடு ஒட்டுகிறது?

முதலில் கொஞ்சம் அறிவியல். தாள் என்பது செல்லுலோஸ் இழைகளின் வலை. செல்லுலோஸ் என்பது என்ன? குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட பொருள். சர்க்கரையிலும் பாதி குளுக்கோஸ், மீதிப் பாதி ஃப்ரக்டோஸ். அதாவது தாளும் சர்க்கரையும் தூரத்துச் சொந்தக்காரர்கள்! இரண்டுக்குமே தண்ணீர் என்றால் பிரியம். ஈரமான ஐசிங்கைச் சாதாரணத் தாளில் வைத்தால், சர்க்கரை கரைந்த தண்ணீர் இழைகளுக்கு இடையே இறங்கும். பிறகு தண்ணீர் ஆவியாகிவிடும், சர்க்கரை இழைகளுக்குள்ளேயே படிகமாகிவிடும். அப்புறம் தாள் வேறு, பூ வேறு என்று பிரிக்க முடியாது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. கரூர் மாவட்டம் புகழூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை 1979ல் தமிழக அரசால் தொடங்கப்பட்டு, 1984ல் உற்பத்தியைத் துவங்கியது. அதன் முக்கிய மூலப்பொருள் கரும்புச் சக்கை. சாறு சர்க்கரை ஆகிறது, சக்கை தாள் ஆகிறது. ஒரே கரும்பிலிருந்து பிரிந்த இந்த இரண்டையும் சமையலறையில் மறுபடி சந்திக்க வைத்தால், விடாமல் கட்டிக்கொள்கின்றன!

தாள் வருவதற்கு முன்

நம் ஊர்ச் சமையலில் ஒட்டாத பரப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது வாழை இலை. இலையின் மேற்புறத்தில் இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் படலம் இருக்கிறது. தண்ணீர் அதில் முத்து முத்தாக உருண்டு ஓடுவதற்கு அதுதான் காரணம். அதிரசம், போளி, வடை எல்லாவற்றையும் வாழை இலைத் துண்டில் எண்ணெயோ நெய்யோ தடவித் தட்டி, அப்படியே வழுக்கி விடுவார்கள். அதிரசம் இன்று நேற்று வந்த பலகாரம் அல்ல. அண்ணாமலையார் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தோடு சேர்த்துப் பேசப்படும் கிருஷ்ணதேவராயர் 16ம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அந்த விஜயநகரக் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் சுவாமிக்குப் படைக்கும் பொருட்களில் அதிரசப்படியும் இடம்பெறுகிறது.

இரண்டாவது வழி துணி. கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து அரிசிக் கூழை வடாமாக ஊற்றிக் காயவைப்பதைப் பார்க்காதவர்கள் குறைவு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வடாம் துணியில் நன்றாகவே ஒட்டும். ஆனால் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடாம் விட்டுவிடும். பிறகு மறுபடியும் வெயிலில் காயவைக்கலாம். அதாவது துணி ஒட்டாத பரப்பு அல்ல, ஒட்டினாலும் விடுவிக்க முடிந்த பரப்பு. மேலேயும் கீழேயும் காற்றுப் போவதால் சீக்கிரம் காயும் என்பது கூடுதல் லாபம்.

மூன்றாவது வழி ஈர மரம். கர்நாடகத்தில் சங்கராந்திக்குச் செய்யும் சக்கரெ அச்சு என்ற சர்க்கரைப் பொம்மைகளுக்கு மர அச்சுகளைத் தண்ணீரில் ஊறவைத்து, அதன் பிறகே பாகை ஊற்றுவார்கள். மரம் ஏற்கெனவே தண்ணீரைக் குடித்து நிறைந்திருப்பதால் பாகை உறிஞ்சாது. பொம்மை அழகாகக் கழன்று வரும்.

ஆக மெழுகு, நெய், துணி, ஈரம் என்று நான்கு தீர்வுகள் தாள் வருவதற்கு முன்பே இருந்தன. இவற்றில் எது எதற்குப் பொருந்தும் என்பது பாட்டிமார்களுக்கு அத்துப்படி. வடாமுக்கு ஊறவைத்த மரம் உதவாது, சர்க்கரைப் பொம்மைக்குத் துணி உதவாது. கேள்வி எப்போதும் "நல்ல பரப்பு எது?" என்பதல்ல, "இந்தப் பண்டத்துக்கு எது?" என்பதே.

காகிதம் வந்த கதை

காகிதம் என்ற சொல்லே நமக்குப் பாரசீக, அரபு வழியாக வந்தது. தமிழகத்தில் அச்சுக் காகிதம் செய்யும் முயற்சி தரங்கம்பாடியில் நடந்தது. 1706ல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு அச்சகம் வைத்தார். காகிதப் பற்றாக்குறையால் 1715 வாக்கில் பக்கத்துப் பொறையாரில் ஒரு காகிதப் பட்டறையும் ஏற்படுத்தப்பட்டது. ஆனால் இதெல்லாம் எழுதவும் அச்சடிக்கவும் ஆன தாள். மையை உறிஞ்சுவதுதான் அதன் குணம். சமையலறைக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான குணமுள்ள தாள்.

அந்தத் தாள் 19ம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் பிறந்தது. 1847ல் பிரான்ஸில் பூமரேட், ஃபிகியே என்ற இருவர், பசை சேர்க்காத தாளைக் கந்தக அமிலத்தில் சில நொடிகள் முக்கி எடுத்துக் கழுவினால் அது ஆட்டுத்தோல் போல மாறுவதைக் கண்டார்கள். 1850களில் இங்கிலாந்தில் கெய்ன் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். நடப்பது இதுதான்: அமிலம் இழைகளின் மேற்பரப்பைக் கொஞ்சம் கரைத்துப் பசையாக்குகிறது. அந்தப் பசை இழைகளுக்கு இடையே உள்ள ஓட்டைகளை அடைத்துவிடுகிறது. கழுவிக் காயவைத்தால், எண்ணெய் ஊடுருவாத, தண்ணீரில் நனைந்தாலும் கிழியாத தாள் கிடைக்கிறது. வெண்ணெய் பொட்டலம் கட்ட இது வசதியாக இருந்தது. பட்டர் பேப்பர் என்ற பெயரின் பொருத்தம் இப்போது புரிந்திருக்கும்.

மெழுகுத் தாளின் கதை இன்னும் வேடிக்கை. 1851ல் குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் நெகட்டிவ் எடுப்பதற்காகத் தாளில் மெழுகு ஏற்றும் முறையை வெளியிட்டார். பின்னர் பெட்ரோலியத்திலிருந்து பாரஃபின் மெழுகு மலிவாகக் கிடைக்க, மெழுகுத் தாள் உணவுப் பொட்டலத்துக்கு வந்து சேர்ந்தது. வாழை இலை இயற்கையாகச் செய்ததைத் தொழிற்சாலை செயற்கையாகச் செய்தது, அவ்வளவுதான்!

1908ல் சுவிட்சர்லாந்தின் பிராண்டன்பெர்கர் செல்லோஃபேனைக் கண்டுபிடித்தார். மேசை விரிப்பில் ஒயின் சிந்தினால் கறை படியாமல் இருக்க வழி தேடியபோது கிடைத்தது அது. நம் ஊரில் இதற்குக் கண்ணாடிக் காகிதம் என்று பெயர். கடைசியாக வந்தது சிலிக்கான் பூச்சு. 1943ல் அமெரிக்காவில் டௌ கார்னிங் நிறுவனம் சிலிக்கானைத் தொழில் முறையில் தயாரிக்க உருவானது. அந்தப் பூச்சு ஏறிய தாள்தான் இன்று பேக்கிங் பேப்பர் என்று சுருளாக விற்கிறது. அடுப்பின் சூட்டையும் தாங்கும், எதையும் ஒட்டவும் விடாது.

ஐசிங் வந்த கதை

கேக்கின் மேல் சர்க்கரை பூசும் பழக்கம் ஐரோப்பாவில் ஏற்கெனவே இருந்தது. 1769ல் இங்கிலாந்தில் எலிசபெத் ராஃபால்ட் எழுதிய சமையல் நூலில் கல்யாணக் கேக்குக்கான பாதாம் பூச்சும் சர்க்கரைப் பூச்சும் உள்ளன. முட்டை வெள்ளைக்கருவும் பொடித்த சர்க்கரையும் சேர்ந்து கல்லாக இறுகும் பூச்சுக்கு ராயல் ஐசிங் என்று பெயர். 1840ல் நடந்த விக்டோரியா ராணியின் கல்யாணக் கேக்கால் அது பெரும்புகழ் அடைந்தது. அந்தக் கேக்கின் எடை சுமார் 300 பவுண்டு!

தென்னிந்தியாவின் கேக் வரலாறு என்றால் தலைச்சேரியைச் சொல்லாமல் முடியாது. 1883ல் மர்டாக் பிரவுன் என்ற தோட்டக்காரர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைப் பார்த்து, மாம்பள்ளி பாப்பு அதே போலக் கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்தார் என்பது புகழ்பெற்ற செய்தி. இங்கிருந்த துரைமார் வீட்டு விசேஷங்களோடு சேர்ந்திருந்த கேக், மெல்ல மெல்ல நம் வீடுகளுக்கும் வந்தது.

தாளின் மேல் தனியாகப் பூ செய்து காயவைக்கும் முறையும் இந்தக் கலையோடு வளர்ந்தது. ஆணி போன்ற ஒரு கருவியின் தலையில் சின்னச் சதுர மெழுகுத் தாளை ஒரு பொட்டு ஐசிங்கால் ஒட்டி, கையால் ஆணியைச் சுழற்றிக்கொண்டே இதழ் இதழாகப் பிழிவார்கள். முடிந்ததும் தாளோடு எடுத்துக் காயவைப்பார்கள். பிழியும் கூம்பும் பட்டர் பேப்பரைச் சுருட்டிச் செய்ததாகவே இருக்கும், மருதாணி கோன் போல.

அப்படியானால் எந்தத் தாள்?

இந்த வரலாற்றை வைத்து இன்றைய கேள்விக்குப் பதில் தேடலாம். ஐசிங் காயவைக்கும் தாளுக்கு நான்கு குணங்கள் வேண்டும். ஈரத்தை உறிஞ்சக் கூடாது. ஈரம் பட்டுச் சுருங்கக் கூடாது, தாள் நெளிந்தால் மேலே காயும் பூ விரிசல் விடும். அடியில் வைத்த படம் தெரியும் அளவுக்கு ஒளி ஊடுருவ வேண்டும். கடைசியில் உரிக்கும்போது வளைய வேண்டும்.

மெழுகுத் தாள்: நான்கிலும் தேறுகிறது. சூடு பட்டால் மெழுகு உருகும், ஆனால் ஐசிங் காய்வதற்கு அடுப்பே தேவையில்லை. அதனால் அந்தக் குறை இங்கே குறையே அல்ல.

சிலிக்கான் பூசிய பேக்கிங் பேப்பர்: ஒட்டவே ஒட்டாது. சுருளிலிருந்து எடுத்ததால் சுருண்டுகொள்ளும் என்பதுதான் தொல்லை. நான்கு மூலையிலும் டேப் போட்டு இறுக்க வேண்டும். பழுப்பு நிறத் தாளில் அடியில் வைத்த படம் அவ்வளவாகத் தெரியாது.

பட்டர் பேப்பர்: இங்கேதான் ஏமாற்றம் நடக்கிறது. நம் ஊரில் இந்தப் பெயரில் பலவகைத் தாள்கள் கிடைக்கின்றன. அமிலத்தில் நனைத்த உண்மையான தாளும் உண்டு, வெறுமனே அழுத்தி வழுவழுப்பாக்கிய மெல்லிய தாளும் உண்டு. போதாததற்கு, கட்டட வரைபடம் போடுபவர்கள் பயன்படுத்தும் டிரேசிங் தாளையும் ஸ்டேஷனரி கடையில் பட்டர் பேப்பர் என்றே கேட்டு வாங்குகிறார்கள்! அது உணவுக்கென்று செய்ததல்ல. கடைக்காரரிடம் எதற்கு என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். வீட்டில் சோதிக்க எளிய வழி, ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பத்து நிமிடம் பார்ப்பது. நெளிந்தால் அந்தத் தாள் ஆகாது.

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்: அடியில் வைத்த படம் பளிச்சென்று தெரியும். காய்ந்த பூவின் அடிப்பக்கமும் பளபளக்கும். உணவுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டதை மட்டுமே வாங்க வேண்டும். காற்று மேலிருந்து மட்டுமே படுவதால் காய அதிக நேரம் ஆகும்.

ஒன்றை மறக்கக் கூடாது. வாழை இலைப் பழக்கத்தில் தாளில் தாராளமாக நெய் தடவிவிடுவது பெரிய தவறு. ராயல் ஐசிங்கை நிற்கவைப்பது புரதத்தில் பிடித்த காற்று நுரை. கொழுப்பு பட்டால் அந்த நுரை உடையும். அதிரசத்துக்கு உயிரான நெய் ஐசிங்குக்கு எமன்! முட்டை சேர்க்காத கேக் கேட்பவர்களுக்காகக் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீரை அடித்து ஐசிங் செய்யும் முறை 2014க்குப் பிறகு உலகெங்கும் பரவியது. சுண்டல் தண்ணீரில் செய்தாலும் அது நுரைதான், அதனால் நெய் விஷயத்தில் இதே விதிதான்.

துணி உதவுமா என்றால் அதுவும் இல்லை. வடாமைப் போலப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் ஐசிங் பூ கரைந்து போய்விடும்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

தாள் சரியாக இருந்தும் தோற்கும் சமயம் ஒன்று உண்டு. கார்த்திகை மாதம் வடகிழக்குப் பருவமழைக் காலம். காற்றில் ஈரம் அதிகம். சின்னப் பூ வழக்கமாக ஒரே இரவில் காய்ந்துவிடும், அகலமான பட்டாம்பூச்சிக்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். மழையில் இது இன்னும் இழுக்கும். ஃபேன் காற்றில் வைக்கலாம், ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். வேலையை இரண்டு நாள் முன்பே தொடங்குவதே நல்லது. உரிக்கும்போது பூவைப் பிடித்து இழுக்காமல், தாளை மேசை விளிம்புக்குக் கொண்டுவந்து கீழ்நோக்கி மெல்ல இழுத்தால் பூ தானாக விட்டுக்கொடுக்கும். உடையும் என்று தெரிந்தே நாலைந்து கூடுதலாகச் செய்துவைப்பது அனுபவசாலிகளின் பழக்கம்.

அடியில் வைத்து வரையப் படம் தேடி அலையவும் வேண்டாம். நம் கோலப் புத்தகங்கள் போதும். சிறிய புள்ளிக் கோலத்தைத் தாளுக்கு அடியில் வைத்து மேலே ஐசிங்கால் இழுத்தால், வாசலில் போட்டது கேக்கில் ஏறிவிடும்!

தாள் மறுபடி முக்கியமானது எப்படி?

நடுவில் சில பத்தாண்டுகள் இந்தக் கேள்வியையே பிளாஸ்டிக் மறக்கடித்தது. வாழை இலை இருந்த இடத்தில் கழுவிய பால் கவர் வந்தது. வேட்டி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் ஷீட் வந்தது. அதிரசம் பால் கவரில் தட்டப்பட்டது, வடாம் ஷீட்டில் காய்ந்தது. வசதிதான், மறுக்க முடியாது. ஆனால் குப்பை மலைபோலக் குவிந்தது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானவர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் ஊரில் அது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

2018 ஜூன் 5ம் தேதி தமிழக அரசு அறிவித்த தடை, 2019 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும் தடைப் பட்டியலில் இருந்தன. பால், எண்ணெய் உறைகளுக்கு விலக்கு தரப்பட்டது. அதற்கு முன்பே, 2016 டிசம்பரில், செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்ட வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருந்தது. அச்சு மையில் உள்ள ரசாயனங்கள் எண்ணெயோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும் என்பதே காரணம்.

பிளாஸ்டிக்கும் வேண்டாம், செய்தித்தாளும் வேண்டாம் என்றால் மிச்சம் என்ன? மறுபடியும் வாழை இலை, மந்தாரை இலை, துணி, பிறகு சரியான தாள். ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறோம், கிரிவலம் போல! ஆனால் இலையில் தட்டிய பாட்டிக்குத் தன் இலையைத் தெரியும். கடையில் வாங்கும் தாளில் என்ன பூச்சு இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. தடையால் பிளாஸ்டிக் போய், பெயர் தெரியாத பூச்சுள்ள தாள் அந்த இடத்தைப் பிடித்தால் பலன் பாதிதான்.

அதனால் அடுத்த முறை தாள் வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். இது உணவுக்கான தாளா? இதன் மேல் பூசியிருப்பது என்ன? ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் இது நெளியுமா? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், மறுநாள் காலையில் பூ முழுசாகக் கையில் வரும்.